கறிவேப்பிலைச் செடியும் ஒரு விண்ணப்பப் படிவமும்

கேள்வி: நான் தொடக்கக்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வேதியியல், உயிரியல், கணிதம் ஆகியவை என் முக்கியப் பாடங்கள். பல்கலைக்கழகத்தில் அறிவியல் படிப்பதற்கு உபகாரச் சம்பளம் கேட்டு விண்ணப்பிக்க இருக்கிறேன். அந்தப் படிவத்தில், “அறிவியல் துறையைத் தேர்ந்தெடுக்க உங்களைத் தூண்டியது எது?” என்று ஒரு கேள்வி இருக்கிறது. என் நண்பர்கள் எல்லாரிடமும் அதற்கு ஒரு கதை இருக்கிறது. ஒருவனுக்கு ஏழு வயதில் அப்பா தொலைநோக்கி வாங்கித் தந்தாராம். இன்னொருத்திக்குத் தாத்தாவின் நீரிழிவு நோய். எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. கருந்துளை பற்றிய காணொளிகளைப் பார்த்தால் எனக்குத் தூக்கம்தான் வருகிறது. ஆய்வுக்கூட வகுப்பு மட்டும் பிடிக்கும். மற்றவர்கள் போன பிறகும் பியூரெட்டை, அதாவது திரவத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் கண்ணாடிக் குழாயை, கழுவிக்கொண்டு நிற்பேன். வீட்டுத் தாழ்வாரத்தில் அம்மாவின் கறிவேப்பிலைச் செடிகள் மஞ்சளாகின்றனவே என்று, ஒரு தொட்டிக்குக் குழாய்நீரும் மற்றொன்றுக்கு அரிசி கழுவிய நீரும் ஊற்றி, வாரந்தோறும் இலைகளை எண்ணி ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்தேன். மூன்றாவது வாரத்தில் இரண்டும் ஒரே மாதிரி தழைத்ததால் சந்தேகப்பட்டுக் கேட்டபோதுதான், அம்மா மனம் பொறுக்காமல் இரண்டுக்குமே அரிசி கழுவிய நீரை ஊற்றியிருந்தது தெரிந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இதெல்லாம் படிவத்தில் எழுதத் தகுந்த விஷயமில்லை. தூண்டுதலே இல்லாத நான் இத்துறைக்கு ஏற்றவன்தானா? ஒரு கதையை நானே உருவாக்கி எழுதினால் தவறா?

— சிங்கப்பூர், புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒரு மாணவர்

அன்புள்ள தம்பிக்கு,

எழுதத் தகுந்ததில்லை என்று நீங்கள் ஒதுக்கிவைத்த அந்தப் பகுதியைத்தான் நான் மூன்று முறை படித்தேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்: ஆம், தவறுதான். நீதிபோதனையாக இதைச் சொல்லவில்லை. அதைச் செய்து பார்த்து அகப்பட்டுக்கொண்டவள் என்ற அனுபவத்தில் சொல்கிறேன்.

உங்கள் வயதில் நானும் இதே போன்றதொரு படிவத்தை நிரப்பினேன். என் பாட்டியின் தங்கை ஒருவர் ஊரில் வாந்திபேதி கண்டு இறந்துபோனார் என்பது எங்கள் குடும்பத்தில் அனைவருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அது நான் பிறப்பதற்கு வெகுகாலத்துக்கு முன்பு நடந்தது. நானோ, அந்தச் சாவைச் சொல்லிப் பாட்டி அழுத இரவில், கிருமிகளை ஆராய்வதே என் வாழ்க்கை என்று உறுதி பூண்டதாக ஒரு பக்கம் முழுக்க உருக்கமாக எழுதினேன். உண்மையில் பாட்டி அழுது நான் பார்த்ததே இல்லை. அவர் அழும் ரகமும் இல்லை. நேர்காணலில் மூவர் இருந்தனர். நடுவில் அமர்ந்திருந்த அம்மையார் படிவத்தைப் படித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, மிகவும் கனிவாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அதற்குப் பிறகு அந்த நோயைப் பற்றி என்னென்ன படித்தீர்கள்?” நான் எதுவும் படித்திருக்கவில்லை. காலரா கிருமியின் அறிவியல் பெயர்கூட எனக்குத் தடுமாறியது. உபகாரச் சம்பளம் கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனது நியாயமே என்பது, பல ஆண்டுகள் கழித்து நான் அதே மேசையின் மறுபக்கத்தில் உட்காரத் தொடங்கியபோதுதான் எனக்கு விளங்கியது.

மறுபக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாக் கதைகளும் ஏறக்குறைய ஒரே முகச்சாயலில் தெரியும். ஒரே நாளில் நான்கு தொலைநோக்கிகளைக் கடந்து வந்திருக்கிறேன். அவற்றை எழுதியவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் கருதவில்லை. ஆனால் உங்கள் தொட்டிகளை வைத்தே யோசித்துப் பாருங்கள். அரிசி கழுவிய நீர் ஊற்றிய செடி தழைத்தது என்பதோடு நிறுத்திக்கொண்டால் அது சாட்சியமாகாது என்று உங்களுக்குத் தெரிந்ததால்தானே பக்கத்தில் குழாய்நீர்த் தொட்டி ஒன்றை வைத்தீர்கள்? தூண்டுதல் கதைகளில் அந்த இரண்டாவது தொட்டி இருப்பதில்லை. ஜூரோங்கில் 1977-இல் திறக்கப்பட்ட அறிவியல் நிலையத்துக்கு எத்தனையோ ஆயிரம் பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் போய்வந்திருக்கிறார்கள்; அவர்களில் மிகச் சிலரே ஆய்வுக்கூடத்தில் வந்து நிற்கிறார்கள். நிலையத்துக்குப் போனதே காரணம் என்றால் மற்றவர்களுக்கு அது ஏன் பலிக்கவில்லை என்ற கேள்வியை யாரும் படிவத்தில் எழுதுவதில்லை.

2003-இல் சார்ஸ் பரவியபோது இங்கே 238 பேருக்கு அந்த நோய் கண்டது. 33 பேர் இறந்தனர். அப்போது பள்ளிகளில் மாணவர்கள் அனைவருக்கும் ஆளுக்கொரு வெப்பமானி கொடுத்து, தினமும் உடல்வெப்பத்தை அளக்கச் செய்தார்கள். என்னோடு பணிபுரியும் ஒருவர் அன்று உயர்நிலைப் பள்ளியில் இருந்தார். வகுப்பிலிருந்த நாற்பது பேரும் அளந்து, குறித்து, மறந்துவிட்டார்கள். இவர் மட்டும், காலையில் எப்போதும் சற்றுக் குறைவாகவும் மாலையில் சற்றுக் கூடுதலாகவும் காட்டுகிறதே, இந்த வெப்பமானி பழுதோ என்று ஐயப்பட்டு, தம்பியின் வெப்பமானியைக் கடன் வாங்கி இரண்டாலும் அளந்து பார்த்திருக்கிறார். பழுது இல்லை, மனித உடலே அப்படித்தான். நோய்த்தொற்றுக் காலம் அவரை அறிவியலுக்கு இழுத்தது என்று யாரேனும் எழுதினால் அது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தொற்று நாற்பது பேருக்கும் பொதுவானது. தம்பியின் வெப்பமானியைக் கடன் வாங்கியவர் ஒருவர்தான்.

பெரியவர்களின் கதைகளையும் இதே கண்ணோடு பார்க்கலாம். சர் சி.வி. ராமன் 1921-இல் கப்பலில் போகும்போது மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைப் பார்த்து வியந்தார், அந்த வியப்பே ராமன் விளைவுக்கு வித்திட்டது என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். கதை பொய்யில்லை, ஆனால் பாதி. வானத்தின் நிறம் நீரில் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலமாகத் தெரிகிறது என்ற அன்றைய விளக்கத்தை அவர் கப்பலின் மேல்தளத்திலேயே சோதித்துப் பார்த்தார். நிக்கோல் பட்டகம் என்ற சிறு கருவியால் நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பை மறைத்துப் பார்த்தபோதும் நீலம் மறையவில்லை. இன்னும் அழுத்தமாகவே தெரிந்தது. நான் கேட்பது இதுதான்: கடற்பயணத்துக்குப் புறப்படுகிறவர் எதற்காக ஒரு நிக்கோல் பட்டகத்தை எடுத்துப்போகிறார்? ஏனென்றால் அந்த மனிதர் ஏற்கெனவே அகப்பட்டுக்கொண்டவர். 1907-இல் நிதித்துறை அதிகாரியாகக் கல்கத்தாவில் வேலைக்குச் சேர்ந்த அவர், அடுத்த பத்து ஆண்டுகளில் அந்த ஊரில் இருந்த காலமெல்லாம், அலுவலகத்துக்கு முன்பும் பின்பும் பௌபஜார் தெருவிலிருந்த ஓர் அறிவியல் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் கழித்தார். 1917-இல் நிதித்துறை வேலையை விட்டுக் குறைந்த சம்பளத்தில் பேராசிரியரானார். கடலைப் பார்த்தவர்கள் அந்தக் கப்பலில் இன்னும் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

ஐன்ஸ்டைன் கதையும் இத்தகையதே. நான்கைந்து வயதில் அப்பா காட்டிய திசைகாட்டியின் முள், எதுவும் தொடாமலேயே வடக்கைத் தேடித் திரும்பியது தமக்குள் ஆழப் பதிந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். எழுதியபோது அவருக்கு வயது அறுபத்தேழு. அறுபது ஆண்டு வாழ்க்கையைப் பின்னோக்கிப் பார்க்கும் ஒருவர், இன்று நிற்கும் இடத்துக்குப் பொருத்தமான தொடக்கம் ஒன்றைத் தம் நினைவிலிருந்து எடுத்துவைக்கிறார். மனித மனம் அப்படித்தான் வேலை செய்கிறது. உங்களுக்குப் பதினெட்டு வயது. திரும்பிப் பார்ப்பதற்கு உங்களுக்குப் பின்னால் இன்னும் பாதையே இல்லை. தொடக்கம் எது என்று இப்போதே கேட்கும் படிவம் உங்களிடம் கொஞ்சம் அநியாயமாகத்தான் நடந்துகொள்கிறது.

இனி உங்கள் தொட்டிகள்.

நீங்கள் செய்ததை நான் ஒரு மேற்பார்வையாளராக மதிப்பிடுகிறேன். செடி மஞ்சளாகிறது என்று கண்டவுடன் உரம் வாங்கிப் போடாமல், எது காரணம் என்று பிரித்தறிய முயன்றீர்கள். கண்ணால் பார்த்து ‘நன்றாக இருக்கிறது’ என்று எழுதாமல் இலைகளை எண்ணினீர்கள். எண்ணிக்கை உங்களுக்குச் சாதகமாக உயர்ந்தபோதும் மகிழ்ந்துவிடாமல், இரண்டும் ஒன்றுபோல் உயர்வது எப்படி என்று சந்தேகப்பட்டீர்கள். இந்தக் கடைசியைத்தான் நான் மூன்று முறை படித்தேன். இதை எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பட்டம் பெற்று வருகிறவர்களுக்குக் கற்பிப்பதற்கே சில சமயம் ஓராண்டு பிடிக்கிறது. நல்ல எண் கிடைத்தால் அதைக் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். நீங்களோ சமையலறைக்குப் போய் அம்மாவை விசாரித்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு மூன்று வாரத்து எண்களை அடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினீர்கள். ஒருவர் விஞ்ஞானியாக வருவாரா என்பதை எனக்குச் சொல்லும் அடையாளங்களில், முதலிலிருந்து தொடங்குவதற்கு யாரும் வற்புறுத்தாதபோதும் தொடங்குவதைவிட நம்பகமான ஒன்றை நான் இதுவரை காணவில்லை.

குறையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் புகழ்ச்சியாகிவிடும். இரண்டு தொட்டிகள் போதாது. ஒரு செடி இயல்பாகவே நோஞ்சானாக இருந்தால் நீரின் மேல் பழி விழுந்துவிடும். குறைந்தது பக்கத்துக்கு மூன்று தொட்டிகளாவது வேண்டும். தாழ்வாரத்தின் ஓரத்திலிருக்கும் தொட்டிக்கு மாலை வெயில் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால், வாரம் ஒருமுறை இடத்தை மாற்றி வைத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானதொன்றை உங்கள் கடிதம் சொல்லவில்லை: மஞ்சளானது பழைய இலைகளா, புதுத் தளிர்களா? தழைச்சத்துக் குறைந்தால் செடி அதை முதிர்ந்த இலைகளிலிருந்து உறிஞ்சித் தளிர்களுக்கு அனுப்பிவிடும். ஆகவே அடியிலைகள் முதலில் வெளுக்கும். இரும்புச்சத்தைச் செடியால் அப்படி இடம்மாற்ற இயலாது; ஆகவே தளிர்கள் வெளுத்து, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். தொட்டியில் நீர் தேங்கி வேர் மூச்சுமுட்டினாலும் இலை மஞ்சளாகும். அப்போது எந்த நீரை ஊற்றினாலும் ஒன்றுதான், ஊற்றாமல் இருப்பதே மருந்து. இதைப் படிக்கும்போது எழுந்துபோய்த் தொட்டியைப் பார்க்கத் தோன்றினால், ‘எனக்குத் தூண்டுதல் இல்லை’ என்ற வாக்கியத்தை இனி எழுதாதீர்கள்.

கருந்துளைகளைப் பார்த்தால் தூக்கம் வருகிறது என்று வெட்கப்பட வேண்டாம், எனக்கும் வரும். பிரம்மாண்டத்தைக் கண்டு மெய்சிலிர்ப்பதே அறிவியல் மனம் என்ற எண்ணத்தைக் காணொளிகள் வளர்த்துவிட்டன. மெய்சிலிர்ப்பு நல்ல பார்வையாளருக்கு வேண்டிய குணம். வேலை செய்கிறவருக்கு வேண்டியது வேறு. அது உங்கள் பியூரெட்டில் இருக்கிறது. ஒரு சொட்டு குறைந்தால் நிறமில்லை, ஒரு சொட்டு கூடினால் அடர் இளஞ்சிவப்பு, இரண்டுக்கும் நடுவே குடுவையைச் சுழற்றச் சுழற்ற மறையாமல் நிற்கும் அந்த வெளிறிய நிறத்தைப் பிடிப்பதில் ஒரு சுகம் இருக்கிறதல்லவா? அந்தச் சுகம் உள்ளவர்களுக்கே இந்தத் தொழிலின் பெரும்பகுதி சலிக்காது.

என் தொழிலையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில். நூறு மில்லிலிட்டர் நீரை, கிருமிகூட நுழைய முடியாத நுண்துளைகள் கொண்ட வட்டத்தாளின் வழியே இழுத்து, அந்தத் தாளை இடுக்கியால் எடுத்து அகர் தட்டின்மேல் காற்றுக்குமிழ் சிக்காமல் படியவைத்து, ஓர் இரவு இளஞ்சூட்டில் வைத்திருந்து, மறுநாள் காலையில் எத்தனை கிருமிக் கூட்டங்கள் முளைத்திருக்கின்றன என்று எண்ண வேண்டும். குடிநீரில் ஒன்றும் முளைக்கக் கூடாது, முளைப்பதும் இல்லை. ஆக, நான் இரண்டு ஆண்டுகள் பூஜ்யத்தை எண்ணினேன். ஒவ்வொரு பூஜ்யமும் உண்மையான பூஜ்யந்தானா, அல்லது தட்டு கெட்டுப்போனதால் வந்த பூஜ்யமா என்று அறிய, கிருமி இருப்பது நிச்சயமான மாதிரி ஒன்றையும் ஒவ்வொரு முறையும் கூடவே வைத்தேன். என் அம்மா ஒருநாள், “சம்பளம் கொடுத்து ஒன்றுமில்லாததையா எண்ணச் சொல்கிறார்கள்?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். எனக்கு அது பிடித்திருந்தது. வாந்திபேதியைப் பற்றி நான் புனைந்த கதையில் இல்லாத உண்மை அங்கே இருந்தது.

அந்த அகர் தட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அகர்-அகர் மலாய்ச் சொல். தேக்கா சந்தையில் பொட்டலமாகக் கிடைக்கும் அதே பொருள். பிறந்தநாள் வீடுகளில் பச்சையும் சிவப்புமாக வெட்டி வைக்கிறோமே, அதேதான். 1881-இல் ஜெர்மனியில் கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்துடன் தொடர்புடைய வால்தர் ஹெஸ்ஸே என்பவர் ஜெலட்டினில் கிருமிகளை வளர்த்துக்கொண்டிருந்தார். கோடைவெப்பத்தில் ஜெலட்டின் உருகியது. போதாக்குறைக்குச் சில கிருமிகள் அதையே தின்று கரைத்தன. அவருடைய மனைவி ஃபேனி அவருக்காக ஆய்வுப் படங்களை வரைந்து உதவியவர். உன் பழக்கூழ் மட்டும் வெயிலில் உருகாமல் நிற்கிறதே, எப்படி என்று கணவர் கேட்டார். சாவகத்திலிருந்து (ஜாவா) வந்த டச்சுக்காரர் ஒருவரிடம் இளம்வயதில் கற்றுக்கொண்ட அகர்-அகர் என்று ஃபேனி சொன்னார். அன்றிலிருந்து இன்றுவரை உலகெங்கும் கிருமிகள் வளர்வது அதன்மேல்தான். கோக் தம் 1882-ஆம் ஆண்டுக் காசநோய்க் கட்டுரையில் அகரைக் குறிப்பிட்டாரே தவிர, ஃபேனியின் பெயரைச் சொல்லவில்லை. அந்த அம்மையாரிடம் யாரும், உங்களை அறிவியலுக்குத் தூண்டியது எது என்று கேட்டிருக்க மாட்டார்கள். இது ஏன் உருகவில்லை என்றுதான் கேட்டார்கள். அவரிடம் விடை இருந்தது. அரிசி கழுவிய நீரைப் படிவத்தில் எழுதக் கூசும் உங்களுக்காகவே இதைச் சொன்னேன்.

ஒருவரின் ஆர்வம் தனியாக முளைத்து வளர்வதும் இல்லை. யாராவது ஒரு கதவைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரின் உயிர்மருத்துவ ஆய்வு வளர்வதற்குப் பல ஆண்டுகள் ஆலோசகராக இருந்த சிட்னி பிரென்னர், தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டன் நகரில் செருப்புத் தைப்பவரின் மகன். அவருக்குத் திறந்த கதவு ஊர்ப் பொதுநூலகம். 2002-இல் நோபெல் பரிசு பெற்றார். எனக்குத் திறந்த கதவு அவ்வளவு கௌரவமானதில்லை. எங்கள் உயிரியல் ஆசிரியருக்கு முழங்கால் வலி. மூன்றாம் மாடி ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிட்டு வரும்படி சாவியை என்னிடம் கொடுப்பார். பூட்டும் முன் நுண்ணோக்கியில் கால்வாய்த் தண்ணீரைப் பார்ப்பேன். உங்கள் கடிதத்தில், எல்லாரும் போன பிறகும் நீங்கள் பியூரெட் கழுவிக்கொண்டு நிற்பதை யாரோ அனுமதிக்கிறார்கள். அந்த ஆசிரியரிடமே உங்கள் பரிந்துரைக் கடிதத்தைக் கேளுங்கள். வகுப்பில் பெயர் தெரிந்த பெரிய ஆசிரியரிடம் கேட்க வேண்டாம்.

உபகாரச் சம்பளத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில் மார்க் லெப்பரும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு சோதனை நடத்தி, 1973-இல் அதன் முடிவை வெளியிட்டனர். படம் வரைவதை இயல்பாகவே விரும்பிய குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள்; மற்றொரு பகுதியினருக்குச் சொல்லாமலே பிறகு தந்தார்கள்; மூன்றாம் பகுதியினருக்கு எதுவும் தரவில்லை. சில நாள்கள் கழித்து வண்ணப்பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகளே பேனாவைத் தொடுவதைக் கணிசமாகக் குறைத்திருந்தனர். விளையாட்டு வேலையாகிவிட்டது. உபகாரச் சம்பளம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வளர்ந்த என் போன்றவர்களுக்கு அந்தப் பணம் எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். கிடைக்காவிட்டால், கறிவேப்பிலைத் தொட்டியை மூலையில் தள்ளிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கிடைத்தால், கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தைப் பெற்றோருடன் உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள்: படிப்பு முடிந்த பிறகு எத்தனை ஆண்டுகள் எங்கே பணிபுரிய வேண்டும், இடையில் துறை மாற விரும்பினால் என்ன ஆகும் என்பவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

துறை மாறுவது என்பது வெறும் வாய்ச்சொல் இல்லை. சிதம்பரத்தில் 1952-இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1976-இல் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற கையோடு, அந்தத் துறை தமக்கு ஒட்டவில்லை என்று உணர்ந்து, மீண்டும் மாணவராகச் சேர்ந்து உயிரியலைத் தொடக்கத்திலிருந்து படித்தார். 2009-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது, அதுவும் வேதியியலுக்கு. பதினெட்டு வயதில் அவரிடம் உங்கள் படிவத்தைக் கொடுத்திருந்தால், பிற்காலத்தில் செய்த வேலைக்குத் தொடர்பே இல்லாத ஏதோ ஒன்றை மிகுந்த நேர்மையுடன் எழுதியிருப்பார்.

ஏற்றவன்தானா என்று கேட்டீர்கள். குணத்தைப் பொறுத்தவரை என் பதிலைச் சொல்லிவிட்டேன். வாழ்க்கையைப் பொறுத்தவரை சில உண்மைகளை மறைக்கக் கூடாது. இளநிலைப் பட்டத்துக்குப் பிறகு முனைவர் பட்டத்துக்கு நான்கு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அதன்பின் கிடைக்கும் ஆய்வுப் பணிகள் பெரும்பாலும் ஒப்பந்தப் பணிகள். பேராசிரியர் பதவிகள் மிகக் குறைவு. உங்களோடு படித்தவர்கள் வங்கியில் சேர்ந்து வீடு வாங்கும்போது நீங்கள் கிருமி வளர்த்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் அறிவியல் என்றால் பேராசிரியர் பதவி மட்டும் என்று எண்ண வேண்டாம். துவாஸில் மருந்துத் தொழிற்சாலைகள், உட்லண்ட்சிலும் தெம்பனிசிலும் சில்லு உற்பத்தி ஆலைகள், கழிவுநீரை நுண்வடிகட்டி, எதிர்ச் சவ்வூடுபரவல், புறஊதாக் கதிர் என்று மூன்று படிகளில் சுத்திகரித்து 2003 முதல் நமக்குப் புதுநீர் வழங்கும் ஆலைகள், உணவுப் பாதுகாப்பு ஆய்வகங்கள் என எல்லா இடங்களிலும், எண் சரியாக இருந்தாலும் சந்தேகப்படும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். உறவினர்களுக்கு விளக்குவதுதான் கடினம். என் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொண்ட நாளிலிருந்து கோயிலில் பார்க்கிறவர்கள் எந்த கிளினிக் என்று கேட்கிறார்கள். ஒரு மாமி நாக்கை நீட்டியே காட்டிவிட்டார்.

உங்களுக்கு இடையில் இரண்டு ஆண்டு தேசிய சேவையும் (ராணுவம் போன்றவற்றில் ஆற்றும் கட்டாயப் பணி) இருக்கிறது. படித்ததெல்லாம் மறந்துவிடுமே என்று பலர் கவலைப்படுகிறார்கள். சூத்திரங்கள் மறக்கும், திரும்பப் படித்துக்கொள்ளலாம். ராமன் பத்து ஆண்டுகள் கணக்கேடுகளைப் பார்த்தார் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். விடுப்புக் கிடைக்கும் வாரயிறுதிகளில் உங்கள் மனம் எதற்குத் திரும்புகிறது என்று கவனித்து வாருங்கள். தேர்வு முடிந்து சேவைக்குப் போகும் முன் கிடைக்கும் சில வாரங்களில், ஏதாவது ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவும் வேலை கிடைத்தாலும் போய்ச் சேருங்கள். அங்கே விஞ்ஞானிகள் நாள் முழுக்க உண்மையில் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். அது அமையாவிட்டால், தேசியப் பூங்காக் கழகம் பறவைகளையும் பட்டாம்பூச்சிகளையும் எண்ணுவதற்குத் தொண்டூழியர்களைச் சேர்க்கிறது. எண்ணுவது உங்களுக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி படிவம். தூண்டியது எது என்ற கேள்விக்கு, செடி மஞ்சளானதில் தொடங்கி, நீங்கள் எனக்கு எழுதிய அதே வரிசையில் எழுதுங்கள். ‘சிறுவயது முதலே’ என்ற சொற்கள் எங்கும் வர வேண்டாம். அம்மா நீர் ஊற்றியதை விட்டுவிடாதீர்கள், அதுதான் உயிர். உங்கள் சோதனையில் இருந்த குறைகளையும் நீங்களே எழுதுங்கள், அடுத்த முறை எப்படிச் செய்வீர்கள் என்பதையும் சேர்த்து. கடைசியில் அறிவியல் மனித குலத்துக்கு ஆற்றும் தொண்டைப் பற்றி ஒரு பத்தி எழுதக் கை துடிக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். இருநூறு சொற்களில் முடிந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நேர்காணலில் யாராவது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “அதற்குப் பிறகு என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால், உங்களிடம் நோட்டுப் புத்தகம் இருக்கிறது, அதைக் கையோடு எடுத்துப் போங்கள். அடித்துவிட்ட மூன்று வாரத்துப் பக்கங்களைக் கிழித்துவிட்டுப் போக வேண்டாம்.

மஞ்சளானது பழைய இலைகளா, தளிர்களா என்று பார்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அதுவரை இரண்டு தொட்டிகளுக்கும் எந்த நீரும் ஊற்ற வேண்டாம் என்று அம்மாவிடம் நான் கேட்டுக்கொண்டதாகச் சொல்லுங்கள். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, இரண்டாம் கணுவரை காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றலாம்.